புத்தலப்பட்டு மனையில் சகலையின் பாதி

என் மாமனார் என்னைப் பார்த்தால் "வாங்க மாப்ள" என்பார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஒரு தட்டு தட்டி என் பக்கம் நகர்த்துவார். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், உள்ளே வந்தால் எழுந்திருக்கக்கூட மாட்டார். படுத்தபடியே "இன்னாடா நைனா, இளைச்சிப் போயிட்டே" என்பார். எங்கள் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், செல்லம் கொடுக்கும் பிள்ளையும் நைனாதான். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நாற்காலி கிடைத்துக்கொண்டிருக்கிறது. அவனுக்குக் கட்டிலின் ஓரம்.

இதை ஒரு குறையாக யாரிடமும் சொல்ல முடியாது. மரியாதை அதிகமாகக் கொடுக்கிறார் என்றா புகார் செய்வது?

நான் சித்தூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டமஞ்சியில் வாடகை வீடு. தேதி போட்டு எழுதிவைப்பது பழைய பழக்கம்: முதல் மாம்பழம் சந்தைக்கு வந்த நாள், ஏரி நிரம்பிய நாள், தெருவில் எந்த வீட்டில் என்ன விசேஷம். "எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணத் தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் ஞாபகம் இருக்கும். கல்யாணம்தான் ஞாபகம் இருக்காது" என்று என் மனைவி சொல்வாள். என்னிடம் ஒரு கிரெடிட் கார்டு உண்டு. கெடு தேதிக்கு முந்தின வாரமே பணத்தைக் கட்டிவிடுவேன். ஒரு தடவையும் தவறியதில்லை. இதைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சகலை அப்போது திருப்பதியில் பெரிய செல்போன் கடை ஒன்றில் மேனேஜராக இருந்தான். கொர்லகுண்டாவில் குடியிருந்தான். கையில் மூன்று கார்டுகள், எல்லாம் ஒரே வங்கியில் வாங்கியவை. ஒரு சங்கராந்தி விடுமுறையில் எல்லோரும் சந்திரகிரி கோட்டைக்குப் போனோம். அங்கே இருந்து ஆண்ட ராஜாக்களின் வரிசையை நான் முந்தின வாரமே படித்துத் தயாராகப் போயிருந்தேன். ராஜ மகாலுக்கு எதிரே புல்தரையில் எல்லோரையும் உட்காரவைத்து ஆரம்பித்தேன். இரண்டாவது ராஜாவுக்கு வரும்போது சகலை மாமனாரை எழுப்பி, படிக்கட்டில் நிற்கவைத்து, "நைனா, இடுப்புல கை வையி. ஆங். இன்னும் கொஞ்சம் கோவமா பாரு" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நான் ஒருநாளும் சத்தமாகச் சிரித்துப் பார்க்காதவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். என் மகள்கூட மூன்றாவது ராஜாவைக் கேட்க என் பக்கத்தில் இல்லை.

திரும்பும் வழியில் திருப்பதியில் ஏசி ஓட்டலில் சாப்பாடு. பில் வந்ததும் நான் சட்டைப்பையில் கை வைத்தேன். "அண்ணா, பையில கை வெக்காதீங்க, எனக்குக் கோவம் வரும்" என்று சகலை கார்டை எடுத்து நீட்டினான். சர்வர் கொண்டுவந்த சின்ன மிஷினில் அவன் கார்டைத் தொட்டு எடுப்பதை மாமனார் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அதே மாதிரி கார்டு என் பையிலும் இருந்தது. ராத்திரி பஸ்ஸில் வரும்போது என் மனைவி, "மனசு வேணுங்க செலவு பண்றதுக்கு" என்றாள். என்னைச் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

மாமனாருக்குக் காது மந்தமானபோது, காதில் வைக்கும் கருவி வாங்க இரண்டு கடைகளில் விலை விசாரித்தேன். மூன்றாவது கடைக்குப் போக இருந்த வாரத்தில் சகலை மாமனார் இருக்கும் நகரிக்குப் போய் ஒன்றை மாட்டிவிட்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து என் பேச்சு அவன் வாங்கிக்கொடுத்த கருவி வழியாகத்தான் மாமனாருக்குக் கேட்கிறது. என் மகளுக்கு டேப்லட் வாங்கிக் கொடுத்தான். என் வீட்டு மிக்சியும் அவன் கொடுத்ததுதான். ஒவ்வொரு காலையும் சட்னி அரைக்கும்போது அவன் என் வீட்டில் சத்தம் போடுவான்.

இனி மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அதைச் சுற்றித்தான்.

மாமனார் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் புத்தலப்பட்டில் சாலையோரமாக ஒரு மனை வாங்கினார். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலை அது. பெரிய பெண்ணுக்கும் சின்னப் பெண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் பெண்கள் பேரில் எழுதவில்லை. மருமகன்கள் இரண்டு பேர் பேரிலும் சேர்த்து, பிரிக்காமல், ஆளுக்குச் சரிபாதி என்று பத்திரம் போட்டார். கோடு போட்டுப் பிரித்தால் கிழக்குப் பக்கம் யாருக்கு, கிணற்றுப் பக்கம் யாருக்கு என்று பேச்சு வரும். மருமகன்களில் ஒருவருக்கு ஒரு அடி குறைந்தாலும் மாமனார் வீட்டு மரியாதை போயிற்று என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. ஆகவே யாருடைய பாதி எது என்று யாருக்கும் தெரியாதபடி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அந்த மனையில் வீடு கட்ட வேண்டும், நகரியில் தனியாக இருக்கும் மாமனாரைக் கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அவருக்காக மட்டும் அல்ல. என் வீட்டில் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் படுத்தபடியே என்னிடம் பேசுவார் என்று நினைத்தேன். வங்கியில் வீட்டுக்கடனுக்குப் பேசிவைத்திருந்தேன். மனையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சகலையிடம் சொன்னபோதெல்லாம், "உங்களுக்கு எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்கங்கண்ணா, இதுக்குப் போயி" என்பான். ஆனால் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வர அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை.

பிறகு அவன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு செல்போன் கடை போட்டான். இரண்டு வருஷம் ஓடியது. பக்கத்திலேயே பெரிய கடை ஒன்று வந்ததும் படுத்துவிட்டது. கார்டில் மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தவன், பிறகு ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டினான். பிறகு அதுவும் நின்றது. இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித் தெரியவில்லை. கார்டு வாங்கும்போது விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று என் பெயரையும் நம்பரையும் கொடுத்திருந்தான். ஒரு புரட்டாசி சனிக்கிழமை, வசூல் ஆள் ஒருவன் என்னைக் கூப்பிட்டான்.

"சார், மீ தம்முடு போன் எத்தட்டம் லேது."

உங்கள் தம்பி போனை எடுக்கிறதில்லை என்கிறான். "அவன் என் தம்பி இல்லைப்பா. சகலை" என்று தெலுங்கில் சொன்னேன்.

"ஏதைனா சரே சார், யாரா இருந்தா இன்னா. கட்டச் சொல்லுங்க. இல்லாட்டி போலீசு வரும்."

கார்டு பாக்கிக்குப் போலீசு வராது, அது சிவில் கடன், வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ என்று நான் அவனுக்குப் பாடம் நடத்தினேன். போனை வைத்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. அன்று மாலை நடைக்குப் போனவன் வழக்கத்தைவிட ஒரு தெரு கூடவே சுற்றினேன். மிக்சி, டேப்லட், ஏசி ஓட்டல் சாப்பாடு, காதுக்கருவி. எல்லாம் கடன். நான் இத்தனை வருஷமாக வயிறு எரிந்தது ஒரு வங்கியின் பணத்தைப் பார்த்து. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "பாவம், எல்லாருக்கும் செஞ்சி செஞ்சி இப்பிடி ஆயிட்டாரு" என்றாள். மறுநாள் காலை மிக்சியைத் துடைத்து வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக அவள் அழுத நாட்களை யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு எதுவும் வரவில்லை.

பொங்கலுக்கு எல்லோரும் நகரியில் கூடினோம். பண்டிகை என்று விசைத்தறிகள் நின்றிருந்ததால் தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சகலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, கோர்ட்டுலேர்ந்து ரிஜிஸ்தர் தபாலு வந்துக்கினே இருக்குது. நான் வாங்கறதே இல்ல."

"வாங்காம?"

"கையெழுத்து போட்டாத்தானே கேஸு? போஸ்ட்மேன் நம்ம கடையில ரீசார்ஜ் பண்ணவரு. 'ஆள் இல்லன்னு எழுதிடறேன் சார், நீங்க கவலப்படாதீங்க'ன்னு அவரே சொல்ட்டாரு. ஒருவாட்டி புதுசா ஒருத்தர் வந்தாரு. வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

தபால்காரர்கூட அவனுக்கு உபகாரம் செய்கிறார். என் தெருத் தபால்காரர் மழை நாளில் என் புத்தகப் பார்சலைக் காம்பவுண்டுக்கு வெளியே இருந்து வீசிவிட்டுப் போகிறவர்.

"வாங்க மறுத்தாருன்னு எழுதித் திரும்பிப் போச்சின்னா, வாங்கின மாதிரிதான் கணக்கு" என்றேன். "ஆள் இல்லன்னு போச்சின்னா கதவுல ஒட்டுவாங்க, பேப்பர்ல போடுவாங்க. அப்புறம் நீ வராமலே தீர்ப்பு சொல்லிடுவாங்க. அந்தத் தீர்ப்ப வெச்சிக்கினு உன் பேர்ல எது இருந்தாலும் ஜப்தி பண்ணலாம். போயி ஒரு வக்கீலப் பாரு. வட்டியக் கொறைக்கச் சொல்லிக் கேக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மச்சினிச்சி வெளியே வந்தாள். தெலுங்குக்காரர்கள் வழக்கப்படி அவள் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவாவுக்கு எங்க மேல ஏதாவது ஒரு இது இருந்துக்கினே இருக்கும். நாங்க நல்லா இருந்தப்பவும் இருந்துது. இப்ப கஷ்டத்துலயும் பயம் காட்றாரு."

என் மனைவி மறுத்துச் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் வெற்றிலைத் தட்டில் எதையோ தேடினாள்.

"வுடுங்க மாப்ள" என்றார் மாமனார். "பண்டிகை அதுவுமா."

நான் தெருவில் இறங்கி நின்றேன். அவள் சொன்னது பொய் இல்லை. நான் சொன்னதும் பொய் இல்லை. எனக்கு அவன்மேல் பொறாமை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆகவே நான் சொன்ன சட்டம் யார் காதிலும் ஏறவில்லை. இதையே வேறு யாராவது, போஸ்ட்மேன் சொல்லியிருந்தால்கூட, அவன் மறுநாளே வக்கீலைப் பார்த்திருப்பான்.

மாம்பழ லாரிகள் கூழ் ஃபேக்டரி வாசல்களில் வரிசை கட்டி நிற்கும் மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை, புத்தலப்பட்டு மனைக்குப் பக்கத்து நிலக்காரர் போன் செய்தார். எங்கள் மனையில் கோர்ட்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், தண்டோரா போடப்போகிறார்களாம், தப்பு அடிக்கிறவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தப்பு அடிப்பவர் அப்போதுதான் வந்து, தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கோர்ட்டு அமீன் வேப்ப மரத்தடியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கூட ஊர் வருவாய் அலுவலர். தப்பு முழங்கியது. அமீன் காகிதத்தைப் பிரித்து, சகலையின் பேர், அவன் அப்பா பேர், ஊர் எல்லாவற்றையும் தெலுங்கில் உரக்கப் படித்தார். இன்னாருடைய பிரிபடாத பாதி பாகம் வங்கிக்குச் சேர வேண்டிய பணத்துக்காகக் கோர்ட்டால் ஜப்தி செய்யப்பட்டிருக்கிறது, அதை அவர் யாருக்கும் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. மறுபடி தப்பு. கேட்டவர்கள் பக்கத்து நிலக்காரர், அவருடைய இரண்டு மாடுகள், நான். திருப்பதி கோர்ட்டில் அவன் வராமலே தீர்ப்பாகி, நிலம் சித்தூர் மாவட்டத்தில் இருப்பதால் வங்கி அதைச் சித்தூர் கோர்ட்டுக்கு மாற்றி வாங்கியிருந்தது. நான் பொங்கலில் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது. சொல்லிக் காட்ட அங்கே யாரும் இல்லை.

"மீரு எவரு?" என்றார் அமீன், நீங்கள் யார் என்று.

"மீதிப் பாதி."

"உங்க பாதி எதுன்னு காட்டுங்க. அந்தப் பக்கம் ஒட்டாம இருக்கறேன்."

பிரிக்கவில்லை என்றேன். அவர் எல்லைக்கல்லில் பசை தடவிக்கொண்டே, "அப்ப தண்டோராவும் உங்களுக்குப் பாதி சார்" என்றார். வருவாய் அலுவலர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தப்பு அடித்தவருக்கு டீ வாங்கிக்கொடுத்தது நான்தான். சாலையோரக் கடையில் நின்று குடித்துக்கொண்டிருந்தபோது, ஜப்தி உத்தரவில்கூட அவன் பேரைத்தான் ஊருக்குக் கேட்கும்படி படித்தார்கள் என்று தோன்றியது. இப்படியும் ஒருவனுக்குத் தோன்றுமா என்றால், தோன்றியது.

என்னிடம் படித்த ஒரு பெண் சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார். அடுத்த வாரம் சகலையைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். இளைத்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்றான். பல மாதங்களாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. அவன் அதை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டதால் கையில் எதுவும் நிற்கவில்லை.

"ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க இல்லம்மா?" என்று வக்கீலிடம் கேட்டான்.

"கட்ட முடியலன்னா அனுப்ப மாட்டாங்க சார். ஆனா இந்தத் தீர்ப்பு பன்னெண்டு வருஷம் உயிரோட இருக்கும். அதுக்குள்ள எப்ப வேணாலும் உங்க பாதியை ஏலம் விடலாம். யாரோ ஒரு மூணாம் மனுஷன் எடுப்பான். எடுத்தவன் பாகம் பிரிக்கச் சொல்லி எங்க சார் மேல கேஸ் போடுவான்." என்னைக் காட்டினார். "அது முடியற வரைக்கும் சார் அங்க ஒரு செங்கல் வெக்க முடியாது. எந்த பேங்க்கும் வீட்டுக்கடனும் கொடுக்காது."

"எங்க வீட்டுக்காரி பேர்ல எழுதிட்டா?"

"ஜப்திக்கு அப்புறம் எழுதினா செல்லாது. முன்னாடி எழுதியிருந்தாலும் பேங்க்கை ஏமாத்த எழுதினதுன்னு கேட்டிருப்பாங்க."

லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம் என்றார். வங்கிகள் அங்கே வட்டியை விட்டுக்கொடுக்கும், ஆனால் ஒரே தவணையில் கட்ட வேண்டும், கட்டினால் ஜப்தியை எடுத்துவிடுவார்கள்.

லோக் அதாலத் நடந்த சனிக்கிழமை கோர்ட்டு வளாகத்தில் கல்யாண மண்டபம் போல் கூட்டம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு மேசை. எங்கள் வங்கியின் மேசைக்குப் பின்னால் களைத்த முகத்தோடு ஓர் அதிகாரி, பக்கத்தில் வங்கி வக்கீல். நான் தேதி வாரியாக எல்லாவற்றையும் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அதிகாரியின் போன் சார்ஜ் ஏறாமல் இருந்தது. சகலை அதை வாங்கி, துளையில் ஊதி, ஊசியால் எதையோ எடுத்து, திருப்பிக் கொடுத்தான். சார்ஜ் ஏறியது. அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அதிகாரியின் மகன் எந்த போன் வாங்கலாம் என்பதுகூட நடுவில் வந்தது. வட்டி, அபராதம், வட்டியின் மேல் வட்டி எல்லாம் போய், அவன் செலவு செய்ததைவிடக் கொஞ்சம்தான் கூட என்று தொகை நின்றது. கட்ட ஒரு மாதக் கெடு. பெஞ்சில் இருந்த நீதிபதி, "நல்லபடியா முடிச்சிக்கோ நாயனா" என்றார். நாயனா என்றாலும் நைனாதான். நீதிபதியும் அப்படி.

எனக்குத் தாங்கவில்லை. அதிகாரியிடம் கேட்டேன்: "சார், நானும் உங்க வங்கிக் கார்டுதான். ஒருநாள்கூடத் தவறாமக் கட்டறவங்களுக்கு ஏதாவது உண்டா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "உங்களுக்கு லிமிட் ஏத்தித் தரலாம் சார்" என்றார்.

சகலை சிரித்தான். எங்கள் வக்கீலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கெடு இருந்தது, பணம் இல்லை. இரண்டு நாள் கழித்து மாமனார் எனக்குத் தனியாகப் போன் செய்து நகரிக்கு வரச் சொன்னார். வழக்கம் போல நாற்காலி நகர்ந்தது.

"அவன்கிட்ட ஒண்ணும் இல்ல மாப்ள. என் பென்ஷன் மேல கடன் வாங்கிக் கட்டிடலாமான்னு பாக்கறேன்."

"இந்த வயசுல உங்களுக்குக் கடன் வேணாம். நான் கட்டறேன்" என்றேன். வீட்டுக்காகச் சேர்த்த பணம் இருந்தது. "ஜப்தி எடுத்ததும் அவன் தன் பாதியை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். அவன் பாதி நிலத்தோட விலை கடனைவிட அதிகமா இருக்கும். மிச்சத்தை உங்க சின்னப் பொண்ணு கணக்குல போட்டுடறேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

நான் சொன்னதில் ஒரு பைசா அநியாயம் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நீண்ட நாள் மனப்பாடம் செய்தவன் ஒப்பிப்பது போல இருந்தது.

மாமனார் காதுக்கருவியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"அவனுக்கு இன்னா மிச்சம் இருக்கும்?"

"கடன் இருக்காது மாமா."

சகலையிடம் போனில் அவர்தான் சொன்னார். அந்தப் பக்கம் அவன் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணன் பேர்ல இருந்தா இன்னா, என் பேர்ல இருந்தா இன்னா? அங்க போனா எனக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுக்காமயா இருப்பாரு?" மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பணம் கொடுக்கிறேன் என்று சொன்னபோது அவர் கண்ணைத் துடைக்கவில்லை.

கெடுவுக்கு முன்பே வங்கியில் பணத்தைக் கட்டினேன். பாக்கி தீர்ந்தது என்று வங்கி கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது, ஜப்தி எடுக்கப்பட்டது, வில்லங்கச் சான்றிதழில் அது பதிவாகும்வரை காத்திருந்தேன். பிறகுதான் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எல்லோரும் போனோம். அங்கே கேமராவுக்கு முன் உட்காரவைத்தபோது, "சார், சிரிக்கக் கூடாது, நேரா பாருங்க" என்று குமாஸ்தா அவனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்திரத்தில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பார்ப்பவர்கள் கடன்காரன் நான்தான் என்பார்கள்.

முழு மனையும் என் பேருக்கு வந்தது, சொன்னபடி மிச்சப் பணம் மச்சினிச்சி கணக்குக்குப் போனது. சொந்தக்காரர்கள் மத்தியில் அது வேறு மாதிரிப் பரவியது. சின்ன மாப்பிள்ளை மானத்துக்குப் பயந்து நிலத்தையே கொடுத்துவிட்டார், தங்கமான மனுஷன் என்றார்கள். பணம் யார் கொடுத்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் "அவருக்கென்ன, வசதியான கை" என்று முடித்துக்கொண்டார்கள்.

வீடு கட்டத் தொடங்கினேன். அஸ்திவாரம் எழும்பிய பிறகு மாமனார் ஒருநாள் பார்க்க வந்தார். மண்மேட்டின் மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"நான் வந்து இருக்கறேன் மாப்ள" என்றார். நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது. "ஆனா அவன் சித்தூருல ஒரு கடையில சேல்ஸ்ல சேந்திருக்கறான். தெனம் திருப்பதிலேர்ந்து போயிக்கினு வந்துக்கினு இருக்கறான். மேல ஒரு போர்ஷன் எடுத்தீங்கன்னா, அவங்களும் இங்கயே இருந்துடுவாங்க. வாடகை வாங்கிக்கங்க. சும்மா வேணாம்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், மாடி இன்னும் இல்லாத இடத்தை. மேஸ்திரியிடம் பிளானை மாற்றச் சொன்னேன்.

இப்போது அவர்கள் மேலே இருக்கிறார்கள். மாமனார் கீழே, எங்களோடு. பகலில் கீழே. மாலையில் சகலை வேலையிலிருந்து வந்ததும், முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய்விடுவார். சாப்பாட்டு நேரத்துக்கு என் மனைவி குழம்புக் கிண்ணத்தோடு மேலே போவாள், அவளும் உடனே இறங்கி வருவதில்லை. நான் கீழே இருந்து கேட்பேன். என்ன பேசுகிறார்கள் என்று விளங்காது. சிரிப்பு மட்டும் விளங்கும்.

பாக்கியைக் குறைத்துச் சமரசம் செய்தவன் என்று வங்கிகளின் பதிவில் அவன் பேருக்கு எதிரே இன்னும் இருக்கிறது. கார்டு கேட்டாலும் கிடைக்காது, வண்டிக்கடன் கேட்டாலும் கிடைக்காது. கையில் இருப்பதைத்தான் செலவு செய்கிறான். வாடகை மட்டும் ஒன்றாம் தேதி என் போனுக்கு வந்துவிடுகிறது. தாமதமானால் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும் என்று முதல் மாதத்திலேயே யோசித்துவைத்திருக்கிறேன். இந்த மாதம் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மச்சினிச்சிக்கு வேறு காய்ச்சல், மருந்துச் செலவு. இந்தத் தடவை தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டு, காலையில் நடைக்குப் போக மனமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பால்காரர் வருவதற்கு முன் போன் ஒலித்தது. பணம் வந்திருந்தது. கூடவே ஒரு செய்தி: "அண்ணா, பாத்துக்கங்க."

என் மனைவி போனை எட்டிப் பார்த்தாள்.

"பாருங்க, எவ்ளோ கரெக்டா இருக்காரு" என்றாள்.